நோய்க்குச் சாதி இல்லையாம்! எண்ணூரில் மூச்சுத்திணறலுக்கு முகவரி இருக்கிறதே?

அவசர சிகிச்சைப் பிரிவில் யாரும் சாதி பார்ப்பதில்லை, ஸ்ட்ரெச்சரில் வருகிறவரின் உயிர்தான் எங்களுக்குத் தெரியும் என்பார்கள் மருத்துவர்கள். சாதியும் மருத்துவமும் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வந்து விழும் பதில் இது. இதைச் சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் பொய் சொல்லவில்லை. நள்ளிரவில் ஒரே நேரத்தில் பத்துப் பேரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஹவுஸ் சர்ஜனுக்கு யாருடைய சாதியையும் விசாரிக்க நேரம் இருக்காது என்பதை நாமும் ஒப்புக்கொள்வோம். ஆனால் சாதி, விசாரித்தால்தான் வருமா? எந்த ஊரில் ஆலையை வைப்பது, அந்த ஆலைக்குள் என்ன வாயு இருக்கிறது என்பதை யாருக்குச் சொல்லாமல் விடுவது, யார் மயங்கி விழுந்தால் ‘குடித்திருக்கிறான்’ என்று முதலில் தோன்றுவது, யாருடைய மூச்சுத்திணறல் பதிவேட்டில் ஏறாமல் போவது என்று இத்தனையிலும் சாதி தன் வேலையை முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஸ்ட்ரெச்சர் ஓரமாக வந்து நின்று தன் பெயரைச் சொல்லவேண்டிய தேவை அதற்கு இல்லை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை எடுத்துக்கொள்வோம். எண்ணூர் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து திரவ அம்மோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர், நேதாஜி நகர் மக்கள் கண் எரிச்சலிலும் இருமலிலும் விழித்தெழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் சாலைக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். திருவொற்றியூரின் தனியார் மருத்துவமனைகளுக்குச் சிலர், ஸ்டான்லிக்குச் சிலர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் பரவி, அதை மீனவர்கள் வெறுங்கையால் வாளியில் அள்ளி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் கைகளோடும் அந்த நுரையீரல்களோடும்தான் அவர்கள் அன்றைய இரவையும் சந்தித்தார்கள்.

நிறுவனம் என்ன சொன்னது? கசிவு மிகக் குறுகிய நேரத்தில் சரிசெய்யப்பட்டது, உள்ளூர் மக்கள் சிலர் அசௌகரியம் தெரிவித்தார்கள், அவர்களுக்கு உடனே மருத்துவ உதவி செய்யப்பட்டது என்ற அளவில் ஓர் அறிக்கை. ‘அசௌகரியம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். விருந்தில் நாற்காலி போதாமல் போனால் ஏற்படுவது அசௌகரியம். இங்கே அது ஒரு நோயறிதல்! மருத்துவர் கேஸ் ஷீட்டில் எதையும் எழுதுவதற்கு முன்பே, நிறுவனத்தின் மக்கள் தொடர்புத் துறை நோயைக் கண்டுபிடித்து, சிகிச்சையும் முடித்து, டிஸ்சார்ஜும் செய்துவிட்டது.

அம்மோனியா உடலை என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்க்கவேண்டும். அது தண்ணீரை நாடும் காரம். எனவே உடலில் ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் போகும்: கண், மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயின் மேல்பகுதி. அமிலம் பட்டால் திசு உறைந்து ஓரளவுக்குத் தானே தடுப்பாகும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். ஆகவே முதல் சிகிச்சை ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, தண்ணீர். உடுத்தியிருக்கும் துணியைக் கழற்றவேண்டும், கண்ணைக் குறைந்தது கால்மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவவேண்டும். அதன் பிறகு குரலைக் கேட்கவேண்டும். நடந்து வருகிறார், பேசுகிறார், ஆனால் குரல் கம்மியிருக்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் அவர் பச்சை அட்டைக்காரர் அல்ல. தொண்டை உள்ளே வீங்கிக்கொண்டிருக்கலாம். நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் தாமதித்தும் வரலாம். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதை நம்பி அனுப்பிவிட முடியாது. ‘மூக்கில் புகை வைத்தார்கள், ஓர் ஊசி போட்டார்கள், காலையில் அனுப்பிவிட்டார்கள்’ என்று நம் மக்கள் சொல்வது பெரும்பாலானவர்களுக்குப் போதுமான சிகிச்சையாகவே இருந்திருக்கலாம். நமது கேள்வி போதாமல் போன சிலரைப் பற்றியது. அவர்களை எப்படிப் பிரித்தறிவது?

பிரித்தறிய ஒரே வழி, என்ன வாயு, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருப்பது. அன்றிரவு அதை அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? மயக்கத்தில் வந்த பாட்டியா? 1989ஆம் ஆண்டின் அபாயகரமான வேதிப்பொருட்கள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள் தெளிவாக இருக்கின்றன. ஆலைக்கு வெளியே பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும், விபத்து நேர்ந்தால் செய்யவேண்டியதையும் செய்யக்கூடாததையும் ஆலை நடத்துபவர் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். அம்மோனியா அந்த விதிகளின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் குப்பத்து மக்கள் எந்தத் திசையில் ஓடுவது என்று தெரியாமல் நள்ளிரவில் ஓடினார்கள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடு, காற்றுக்குக் குறுக்காகப் போ என்ற இரண்டு வரி தெரிந்திருந்தால்கூட எத்தனையோ பேர் குறைவாக மூச்சிழுத்திருப்பார்கள். குளிர்ந்த நிலையில் வெளியேறும் அம்மோனியா, டிசம்பர் மாத ஈரக்காற்றில் மேலே போகாமல் பனிமூட்டம்போல் தரையோடு தரையாகத் தவழும். தரையோடு தரையாக யார் படுத்துத் தூங்குகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டுமா?

இனி அளவுகளுக்கு வருவோம். இங்கேதான் விஷயமே இருக்கிறது. கசிவுக்குப் பின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசலருகே காற்றில் அளந்த அம்மோனியா, கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். அனுமதிக்கப்பட்ட 24 மணி நேரச் சராசரி 400. ஐந்து மடங்கு என்று செய்தித்தாள்கள் எழுதின, நாமும் கொதித்தோம். ஆனால் அந்த எண்ணை ஒரு நச்சியல் மருத்துவர் பார்த்தால் என்ன சொல்வார்? 2,090 மைக்ரோகிராம் என்பது பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கு. தொழிற்சாலைக்குள் எட்டு மணி நேரம் வேலை செய்கிறவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவே பத்து லட்சத்தில் 25 பங்கு. அப்படியானால் 3 பங்கில் எப்படி ஐம்பது பேர் விழுந்தார்கள்? அளவீட்டை மட்டும் நம்புகிறவருக்குக் கிடைக்கும் பதில், ‘பயம், பதற்றம், கூட்டத்தோடு கூட்டமாக வந்திருக்கிறார்கள்’.

உண்மை என்னவென்றால், கருவி வந்தபோது வாயு போயிருந்தது. அல்லது கருவி ஓரிடத்திலும் வாயு வேறிடத்திலும் இருந்தன. வாயு உச்சத்தில் இருந்தபோது அதை அளந்த ஒரே கருவி அந்த மக்களின் கண்ணும் தொண்டையும்தான். பாதிக்கப்பட்டவர் உடல் ஒன்று சொல்கிறது, அதிகாரத்தின் கருவி வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது என்ற கேள்விக்கு நமது சமூகம் ஆயிரம் ஆண்டுகளாக ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறது. சேரிக்காரன் சாட்சி சபையில் ஏறாது. குப்பத்துப் பெண்ணின் இருமல் ஆவணமாகாது.

ஆவணம் என்று சொன்னேன். அரசு மருத்துவமனையில் அடிபட்டுப் போனவர்களுக்கு ‘ஏ.ஆர்.’ என்றால் என்னவென்று தெரியும். விபத்துப் பதிவேடு. லாரி மோதினால், கத்திக்குத்து என்றால், விஷம் குடித்தால் ஏ.ஆர். போடுவார்கள், அவுட்போஸ்ட் போலீசுக்குத் தகவல் போகும், நாளை நீதிமன்றத்தில் அந்தத் தாள் பேசும். ஆலையின் வாயுவை மூச்சிழுத்தவருக்கும் அதே தாள் வேண்டும். அதில் ‘மூச்சுத்திணறல்’ என்று மட்டும் எழுதினால் அது ஒரு நோய். ‘இந்த நாள், இந்த நேரம், இந்த ஆலைக் கசிவு, வீட்டிலிருந்து இத்தனை தூரம், மூச்சிழுத்து இத்தனை நிமிடத்தில் இருமல் தொடங்கியது’ என்று எழுதினால் அது ஒரு காயம். நோய்க்கு விதி பொறுப்பு. காயத்துக்குப் பொறுப்பாளி ஒருவர் இருக்கவேண்டும். மருத்துவரின் பேனா இரண்டு வரி கூடுதலாக நகர்வதிலும் நகராமல் போவதிலும் இந்த வித்தியாசம் நிற்கிறது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், மூன்று மாதம் கழித்து அந்த இரண்டு வரி இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது. எரிச்சல் வாயுவை ஒரே ஒருமுறை அதிகமாக மூச்சிழுத்தவருக்கு, நெடுநாள் நீடிக்கும் ஆஸ்துமா போன்ற ஒரு நிலை வரலாம் என்பதை 1985இல் ஸ்டூவர்ட் புரூக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது சகாக்களும் விவரித்தார்கள். அதை உறுதிசெய்ய அவர்கள் வைத்த நிபந்தனைகளைப் படியுங்கள். வாயுவை மூச்சிழுத்ததற்கு ஆதாரம் வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அறிகுறி தொடங்கியிருக்கவேண்டும். குறைந்தது மூன்று மாதம் நீடிக்கவேண்டும். இவையெல்லாம் நியாயம். இன்னொன்றும் இருக்கிறது: அதற்கு முன் அவருக்கு மூச்சுத் தொல்லை எதுவும் இருந்திருக்கக்கூடாது.

எண்ணூரில் போய் இந்த நிபந்தனையை வாசியுங்கள்! அனல் மின் நிலையத்தின் சாம்பல் கழிமுகத்தில் படிந்து கிடக்கும் ஊரில், கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் உறுமிக்கொண்டு வரிசையில் நிற்கும் சாலையோரத்தில், மணலியின் வாடையில் கண்விழிக்கும் குடியிருப்பில், முன்பு இருமியதே இல்லாத மனிதரைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்கிறது மருத்துவ நூல். ‘உனக்கு ஏற்கெனவே வீசிங் இருந்ததா?’ ‘இருந்தது டாக்டர்.’ முடிந்தது. அந்த ஒரு ‘இருந்தது’ நிறுவனத்தை விடுதலை செய்துவிடும். நாற்பது ஆண்டாக அடிவாங்கியவன், நேற்று விழுந்த அடியை நிரூபிக்க முடியாது, ஏனெனில் அவன் உடம்பில் ஏற்கெனவே தழும்பு இருக்கிறது. புரூக்ஸ் சாதியை மனதில் வைத்து எழுதவில்லை, அறிவியல் துல்லியத்துக்காக எழுதினார். அந்தத் துல்லியம் எண்ணூருக்கு வரும்போது அநீதியாக வேலை செய்கிறது. ஏற்கெனவே இருந்த நோய் வாயுவால் மோசமானதையும் காயமாகக் கணக்கிட மருத்துவத்தில் இடம் உண்டு. கணக்கிடச் சொல்லி யாராவது உத்தரவு போட்டார்களா என்பதே கேள்வி.

இப்போது ஒரு எதிர்வாதம் வரும். ஆலை அருகே மீனவர்கள் இருக்கிறார்கள், இஸ்லாமியர்கள் இருக்கிறார்கள், எல்லாச் சாதி ஏழைகளும் இருக்கிறார்கள், இதை ஏன் சாதிப் பிரச்சினை ஆக்குகிறீர்கள் என்று. மீனவர், தலித், ஆற்றில் கையால் இறால் பிடிக்கும் இருளர், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள், இப்போது அஸ்ஸாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும்தான் இங்கே இருக்கிறார்கள். அடையாற்றிலோ மயிலாப்பூரிலோ ஓர் அம்மோனியாக் குழாயைக் கரையேற்றிக் காட்டுங்கள், பிறகு இது சாதிப் பிரச்சினை இல்லை என்று நாம் எழுதித் தருகிறோம். படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னது ஊர்த்தெருவுக்கு மட்டுமான விளக்கமல்ல, நகரத்தின் வரைபடமும் அப்படித்தான் வரையப்பட்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து அஸ்ஸாம் தொழிலாளர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களும் ஸ்டான்லிக்குத்தான் வந்தார்கள். எங்கே வலிக்கிறது என்பதைச் சொல்ல மொழி இல்லாத ஒருவரை ‘வடக்கன்’ என்று கடந்துபோகிற பழக்கம், அந்தப் படிநிலையில் புதிதாகச் சேர்ந்த கீழ்ப்படி.

2024 அக்டோபரில் திருவொற்றியூரில் நடந்தது நினைவிருக்கிறதா? ஒரு தனியார் பள்ளியில் முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தொண்டை எரிச்சல், கண் எரிச்சல், மயக்கம் என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பள்ளி மூடப்பட்டு நவம்பர் 4 அன்று திறந்தது, அன்றே மறுபடியும் சிலர் மயங்கினார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. என்ன வாயு என்று அன்று யாராலும் சொல்ல முடியவில்லை. இப்படியொரு நேரத்தில் ‘பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்’ என்ற பேச்சு காற்றைவிட வேகமாகப் பரவும். கூட்டாகப் பரவும் பயம் என்று ஒன்று மருத்துவத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நல்ல மருத்துவம் அதை எப்போது சொல்லும்? மற்ற எல்லாவற்றையும் தேடி, இல்லை என்று உறுதிசெய்த பிறகு. சுற்றிலும் உர ஆலை, சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம் இருக்கும் ஊரில், பயத்தை முதல் காரணமாக வைப்பது மருத்துவம் அல்ல.

முதல் காரணமாக வைப்பதற்கென்றே இன்னொரு சொல்லும் இருக்கிறது: குடி. மே மாத வெயிலில் கன்டெய்னர் யார்டில் மூட்டை இறக்கியவன் தள்ளாடுகிறான், நாக்குக் குழறுகிறது. தெர்மாமீட்டர் வைத்தால் வெப்பத்தாக்கு. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். தலையைத் தடவினால் மண்டைக்குள் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். குடித்திருந்தாலும்கூட இவை மூன்றும் சேர்ந்தே இருக்கலாம். அவசர மருத்துவத்தின் அரிச்சுவடி இது. சாராய நாற்றம் அடிக்கிறவரிடம்தான் கூடுதலாகத் தேடவேண்டும் என்று அது கற்பிக்கிறது. நடைமுறையோ சட்டையையும் செருப்பையும் பார்த்து முடிவு செய்கிறது.

இந்த முன்முடிவுக்கு என்ன விலை என்பதைக் கள்ளக்குறிச்சி காட்டியது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது காரணம் விஷச்சாராயம் இல்லை என்றது மாவட்ட நிர்வாகம். வயிற்றுவலி, வாந்தி என்று வந்தவர்கள், தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு பகுதியின் கூலித் தொழிலாளர்கள். மெத்தனால் உடனே கொல்லாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகும், அந்த மணி நேரங்கள்தான் சிகிச்சைக்கான வாய்ப்பு. ‘கண் மங்குகிறதா’ என்று ஒரு கேள்வி, ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறதா என்று ஒரு சோதனை. ‘சாராயம் குடித்துச் செத்தான்’ என்ற சொல்லுக்குள் ‘மெத்தனால் விஷத்தால் கொல்லப்பட்டான்’ என்ற நோயறிதல் புதைந்துபோகக் கூடாது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கருவிகளும் நடுநிலை அல்ல. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைக் கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்தோம். 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, அந்தக் கருவி நல்ல அளவு காட்டியபோதும் ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்ததாகக் காட்டியது. உதடு நீலம் பாய்வதைப் பார் என்று பாடநூல் சொல்வதும் வெளுத்த தோலைப் பார்த்து எழுதியது. நம் கடற்கரையின் கறுத்த மீனவருக்கு உள்ளங்கையையும் நாக்கையும் இமையின் உட்புறத்தையும் பார்க்கவேண்டும் என்று எத்தனை வகுப்பறைகளில் சொல்லித் தருகிறார்கள்? தோலின் நிறத்தைக் கேலி செய்யவும் மணப்பெண் தேடவும் மட்டுமே கவனிக்கிற நாடு, உயிர் காக்கும் இடத்தில் அதைக் கவனிக்காமல் விடுவது வினோதம்தான்.

போபாலை நினைவுபடுத்தாமல் இதை முடிக்க முடியாது. 1984 டிசம்பர் 2 இரவில் ஹமீதியா மருத்துவமனை மருத்துவர்களுக்கு என்ன வாயு என்று சரியாகச் சொல்லப்படவில்லை. கண்ணீர்ப்புகை போலத்தான் என்று யூனியன் கார்பைடு தரப்பிலிருந்து வந்த பதிலைக் கொண்டு அவர்கள் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் இழப்பீடு வழங்கியபோது லட்சக்கணக்கானோரில் மிகப் பெரும்பாலானோர் ‘சிறு காயம்’ என்ற பெட்டிக்குள் போடப்பட்டார்கள். கூடுதல் இழப்பீடு கேட்டு ஒன்றிய அரசு போட்ட குறைதீர் (கியூரேட்டிவ்) மனுவையும் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. முதல் இரவின் அரைகுறை நோயறிதல் நாற்பது ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் தீர்ப்பாகத் திரும்பி வருகிறது. எண்ணூர் போபால் அளவுக்குப் போகவில்லை. ஆனால் வழிமுறை அதேதான்.

எண்ணூர் கசிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட கணக்கு 5.92 கோடி ரூபாய், சுற்றுச்சூழல் இழப்பீடு. புயலில் பாறைகள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது ஆய்வுக் குழு, குழாயை மாற்றவேண்டும் என்றது. குழாயின் உடல்நிலைக்கு இவ்வளவு அக்கறை! நுரையீரலின் உடல்நிலைக்கு? முப்பத்து மூன்று கிராமங்கள் ஆலையை நிரந்தரமாக மூடச் சொல்லிப் போராடியபோது அவர்களுக்குக் கிடைத்தது மருத்துவ முகாம். முகாம் என்றால் ரத்த அழுத்தம் பார்ப்பது, இருமல் மருந்து கொடுப்பது, புகைப்படம் எடுப்பது.

நாம் கேட்பது முகாம் அல்ல. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை, அரசோ தனியாரோ, ஒவ்வொரு அவசரப் பிரிவின் சுவரிலும் சுற்றியுள்ள ஆலைகள் எந்தெந்த வேதிப்பொருளை எவ்வளவு வைத்திருக்கின்றன, எதற்கு என்ன முதல் சிகிச்சை என்ற பட்டியல் தமிழில் தொங்கவேண்டும். வாசலிலேயே துணி மாற்றிக் குளிக்கவைக்க ஒரு குழாயடி வேண்டும். அது பெண்களுக்கு மறைப்போடு வேண்டும், இல்லையென்றால் நம் பெண்கள் நனைந்த நச்சுத் துணியோடே உட்கார்ந்திருப்பார்கள். ஆலையில் கசிவு என்றால் 108க்கும் மருத்துவமனைக்கும் நிறுவனம் நிமிடக்கணக்கில் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் குற்ற வழக்கு. ஓ.பி. சீட்டில் பெயர், வயதுக்குப் பக்கத்தில் ‘என்ன வேலை, எந்த இடத்தில்’ என்று ஒரு கட்டம் வேண்டும். தொழில்நோய் என்று சந்தேகித்தாலே ஆய்வாளருக்கு மருத்துவர் எழுதித் தெரிவிக்கவேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், 89ஆம் பிரிவில் இருந்த கடமை. அதற்குப் பதிலாக வந்த தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. எத்தனை மருத்துவர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இதையெல்லாம் கேட்கத் தோன்றுகிற மருத்துவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதும் இதே கேள்வியின் பகுதி. காற்றில் வாடை மாறினாலே ஜன்னலை அடைக்கத் தெரிந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, நோயாளியிடம் ‘உங்கள் வீடு எந்தப் பக்கம்?’ என்று தானாகவே கேட்கும். அந்தப் பிள்ளையை மருத்துவக் கல்லூரி வாசலில் நிறுத்துகிற நீட், தகுதியை வடிகட்டவில்லை, ஒரு நோயறிதல் கேள்வியை வடிகட்டிவிடுகிறது. இட ஒதுக்கீட்டைச் சலுகை என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.

பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது ஸ்டான்லி. வடசென்னைப் பெரியவர்களுக்கு இன்றும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். 2023 டிசம்பர் 27 அதிகாலையில் அங்கும் திருவொற்றியூர் மருத்துவமனைகளிலும் எழுதப்பட்ட கேஸ் ஷீட்டுகளை அரசு வெளியே எடுக்கட்டும். அன்று சேர்க்கப்பட்ட ஒவ்வொருவரையும், சேராமல் வீட்டிலேயே இருமிக்கொண்டு கிடந்தவர்களையும் அழைத்து, நுரையீரல் ஊதிப் பார்க்கும் சோதனையைச் செய்யட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பத்து ஆண்டுகளுக்கு. செலவை நிறுவனத்தின் கணக்கில் எழுதட்டும்.